விளையாட்டாய்ச் சொன்ன பொய்



மகாகவி காளிதாஸன் அருளிய அபிஜ்ஞான சாகுந்தலம் 7 அங்கங்கள் கொண்ட நாடகம். அதில் வரும் துர்வாஸரின் சாபத்தையும் தொலைந்த கணையாழியையும் அறியாதார் இல்லை. ஆனால் சாபத்திற்கு முன்பே ஒரு சிறு பொய் அந்நாடகத்தில் புகுந்துவிடுகிறது. அதைப் பலரும் கவனிப்பதில்லை.

சகுந்தலையிடம் தான் கொண்ட காதலை, 2-ஆம் அங்கத்தில், துஷ்யந்தன் தன் தோழனான விதூஷகன் மாதவ்யனிடம் மனம் திறந்து சொல்கிறான். பின்னர்த் தாயாரின் விரதத்தை முன்னிட்டுத் தனக்குப் பதிலாக அவனைத் தலைநகருக்கு அனுப்ப நேரிடுகிறது. இவன் அந்தப்புரத்தில் உளறிவிடுவானோ என்று அரசனுக்கு அச்சம். ஆகவே, தான் சொன்னதெல்லாம் வெறும் பரிஹாஸம், மெய்யென்று கொள்ளலாகாது என்று கூறி அனுப்புகிறான். பேதை மாதவ்யனும் நம்பிவிடுகிறான்.

பிறகு சாபம் பலிக்கிறது. கர்ப்பிணியாய் வந்து நின்ற சகுந்தலையை அரசன் யாரென்றே அறியாமல் மறுக்கிறான். 6-ஆம் அங்கத்தில் மீன் வயிற்றிலிருந்து கணையாழி கிடைத்து நினைவு திரும்பியதும், நீயாவது எனக்கு அவளை நினைவூட்டலாகாதா என்று தோழனிடம் புலம்புகிறான். பரிஹாஸம் என்று தாங்கள்தாமே சொன்னீர்கள் என்பதே மாதவ்யன் தந்த விடை.

கணையாழியைக் கண்டாலன்றிச் சாபம் நீங்காது என்பது உண்மையே. ஆயினும், தோழன் முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அரசன் சற்றுத் தயங்கியேனும் இருப்பான். தனக்கு இருந்த சாட்சியின் வாயைத் தானே அடைத்துக்கொண்டான். மகாபாரதத்திலோ துஷ்யந்தன் எல்லாம் நினைவிருந்தும் சபையில் மறுக்கிறான். காளிதாஸன் அப்பெரும் பொய்யை நீக்கினான். இச்சிறு பொய்யையோ வைத்தான். பொய் சொன்னவன் அதனை மறந்துவிடலாம்; நம்பியவன் மறப்பதில்லை. பொய்யின் பலன் இதுவே.

நாமும் ஒரு சங்கடத்தைத் தவிர்க்க, விளையாட்டு என்று பெயரிட்டு எத்தனை பொய் சொல்கிறோம்! நமக்குத் துணை நிற்க வேண்டியவரே அதனால் வாய் மூடி நிற்கும் நாளும் வரக்கூடுமன்றோ?

விபீஷணன் கடற்கரையில் வந்து சரணம் புகுந்தபோது ஸ்ரீராமபிரான் அபயம் அளித்தான். அவ்வாக்கு பொய்க்காது என்ற உறுதியே நம் சரணாகதிக்கு ஆதாரம். பொய்யாத வாக்கை நம்பி வருகிற நாம், பொய் கலந்த நாவோடு ஸந்நிதியில் நிற்பது தகுமோ?

இவ்வுத்ஸவத்தில் எம்பெருமானை ஸேவித்துத் திரும்பும் அன்பர்கள், பரிஹாஸத்திற்கும் பொய் உரையேன் என்ற ஸங்கல்பத்தைப் பிரஸாதத்தோடு இல்லம் கொண்டு செல்வார்களாக. அதற்கு அவன் திருவருள் துணை நிற்குமாக.

சுபம்.