ஏந்துபொருளும் அறப்பொறுப்பும்

நாம் விழுங்கும் குளிசை ஒன்றில் மருந்து எனத்தக்கது எவ்வளவு? பல குளிசைகளில் அது சில மில்லிகிராம் மட்டுமே. விரலாற் பற்றவும் இயலாத அச்சிறு அளவைக் குளிசையாக்குவதற்குப் பருமன் கொடுக்கும் லக்ரோசு, பிணைத்து வைக்கும் பொருள், வயிற்றினுள் உடைந்து கரையச் செய்யும் மாப்பொருள், நிறம், மேற்பூச்சு எனப் பலவும் வந்து சேர்கின்றன. இவற்றைச் 'செயலற்ற பொருட்கள்' என அழைக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. மருந்தை ஏந்தி வருவதனால் நாம் ஏந்துபொருள் என்போம். கலைப்பீட மாணவன் ஒருவனுக்கு இதில் என்ன அலுவல் என வாசகர் வினவலாம். 'செயலற்றது' என்னும் அச்சொல்லே எனது அலுவல். ஒன்றை அவ்வாறு பெயரிட்டதும், அதனைப் பற்றிக் கேள்வி எழுப்பும் கடமையிலிருந்து நாம் விடுபட்டு விடுகின்றோமா?

முதலில் அச்சொல் உண்மையன்று என்பதற்கு ஒரு சான்று. 1960களின் இறுதியில் அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகரில், வலிப்பு நோய்க்காகப் பெனிற்றோயின் உட்கொண்டு வந்தோர் பலரிடம் நச்சேற்றத்தின் அறிகுறிகள் தோன்றின. அவர்கள் உட்கொண்ட மருந்தின் அளவு மாறவில்லை. மாறியது கப்சியூலினுள் நிரப்பப்பட்டிருந்த பொருளே. கல்சியம் சல்பேற்று நீக்கப்பட்டு லக்ரோசு இடப்பட்டிருந்தது. இம்மாற்றத்தால் மருந்து முன்னிலும் கூடுதலாகக் குருதியிற் கலந்தது. இரண்டுமே தம்மளவிற் சாதுவான பொருட்கள் என்பதை மறத்தலாகாது.

ஆயினும் அறவியல் மாணவன் தங்கி நிற்கவேண்டிய இடம் 1937 ஆம் ஆண்டு அமெரிக்காவாகும். சல்பனிலமைட் என்னும் மருந்து அக்காலத்திற் குளிசையாகவும் தூளாகவும் பெரும் பயன் விளைத்து வந்தது. அதனைப் பாணி மருந்தாகப் பெற மக்கள் விரும்பினர். ரெனெசி மாநிலத்து மாசெங்கில் கம்பெனியின் தலைமை இரசாயனவியலாளர் ஹரோல்ட் வற்கின்ஸ், டைஎதிலீன் கிளைக்கோல் என்னும் திரவத்தில் அம்மருந்து நன்கு கரைவதைக் கண்டார். சுவை பார்க்கப்பட்டது, மணமும் தோற்றமும் பார்க்கப்பட்டன. நச்சுத்தன்மை பார்க்கப்படவில்லை. 'எலிக்சர்' என்னும் பெயரோடு அது சந்தைக்கு வந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் சிறுநீரகம் கெட்டு இறந்தனர். அவர்களுட் குழந்தைகள் பலர். கொன்றது மருந்தன்று; அதனை ஏந்தி வந்த திரவம். கம்பெனி உரிமையாளரோ தம் மீது பொறுப்பு எதுவும் இல்லை என்னும் நிலையையே எடுத்தார். அன்றைய சட்டமும் கொலையைப் பற்றிப் பேச வழியற்றிருந்தது. எலிக்சர் எனின் அதில் மதுசாரம் இருத்தல் வேண்டும், இதில் இல்லை, ஆகவே பெயர் பிழை என்பதே சட்டம் கண்ட குற்றம். கரைசல் எனப் பெயரிட்டிருந்தால் அக்குற்றமும் இருந்திராது! 1938 இல் புதிய சட்டம் நிறைவேறிய பின்னரே, சந்தைக்கு வருமுன் மருந்தின் பாதுகாப்பைக் காட்டும் கடமை உற்பத்தியாளரைச் சேர்ந்தது.

அறியாமையாற் செய்தார் எனலாமா? அறியாமைக்கு ஒருவன் தானே காரணமாயின் அது அவனை விடுவிக்காது என அரிஸ்டோட்டில் தம் அறவியல் நூலில் வாதிப்பார். இத்திரவம் விலங்குகளுக்குத் தீங்கு செய்வதைக் காட்டிய ஆய்வு முன்னரே வெளிவந்திருந்தது. ஆனால் என்னைக் கலக்குவது வேறொன்று. அவ்விரசாயனவியலாளர் சிந்தியாதவர் அல்லர். கரையுமா, இனிக்குமா, மணக்குமா எனச் சிந்தித்தார். அவரது கேள்விகள் அனைத்தும் மருந்தைச் சேர்ப்பது பற்றியவை. சேர்க்கப்படுபவரைப் பற்றியவை அல்ல. 2022 இல் காம்பியாவில் ஏறத்தாழ 70 குழந்தைகள் இறந்தபோது, அவர்களின் மரணத்தோடு தொடர்புறுத்தப்பட்ட பாணி மருந்துகளில் இதே டைஎதிலீன் கிளைக்கோல் காணப்பட்டது. அங்கு அது தெரிந்து இடப்பட்ட கரைப்பான் அல்ல, மாசு. எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னரும் ஏந்துபொருள் சோதிக்கப்படாமல் உள்ளே வர முடிந்தது.

இனி என் வீட்டுக்கு வருகின்றேன். கடந்த விடுமுறையில் என் அம்மம்மாவுக்கு வைத்தியர் ஒருவர் கப்சியூல் எழுதிக் கொடுத்தார். அம்மம்மா முட்டையும் தொடாத சைவர். அதனைக் கையில் உருட்டிப் பார்த்தபடி, "இந்தக் கூடு என்னத்தாலை செய்தது, மோனை?" என்று கேட்டார். பெரும்பாலான கப்சியூல்களின் கூடு, விலங்குகளின் தோலிலும் எலும்பிலுமிருந்து பெறப்படும் ஜெலற்றினால் ஆனது என்பது எனக்குத் தெரியும். "அது சும்மா கூடு அம்மம்மா, மருந்து உள்ளுக்கைதான் இருக்கு" என்றேன். அவர் விழுங்கினார்.

நான் சொன்னது பொய்யன்று. ஆயின் 'செயலற்றது' என்னும் சொல்லைத்தான் நானும் என் ஊர்த் தமிழில் 'சும்மா' எனச் சொன்னேன் என்பது பின்னரே உறைத்தது. பொய்யும் குற்றமற்ற நன்மை தருமாயின் வாய்மையின்பாற்படும் என்பது வள்ளுவர் கொள்கை. அதனைப் பற்றிக்கொள்ளலாம் என முதலில் எண்ணினேன். ஆனால் அந்நன்மை குற்றமற்றது எனத் தீர்மானிக்க வேண்டியவர் யார்? வயிற்றுக்கு நன்மையை வைத்தியர் அறிவார். எது தம்மைத் தீட்டுப்படுத்தும் என்பதை அம்மம்மாவே அறிவார். அவருக்குரிய தீர்ப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

சித்த வைத்தியத்தில் அனுபானம் என ஒன்றுண்டு. தேனிலோ நெய்யிலோ இஞ்சிச் சாற்றிலோ குழைத்துக் கொடு என வைத்தியர் சொல்வார். நோய்க்கேற்ப அனுபானமும் மாறும். அம்மருந்துகள் யாவும் பழுதற்றவை என நான் வாதிடவில்லை. ஏந்துபொருளின் பெயர் நோயாளிக்குச் சொல்லப்பட்டது, அது அவர் வீட்டு அடுக்களையிலிருந்தே வந்தது என்பதை மட்டும் குறிப்பிடுகின்றேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அம்மம்மா மருந்தை மறுத்திருப்பார், நோவும் தொடர்ந்திருக்கும் என நண்பர்கள் வாதிக்கின்றனர். இருக்கலாம். தாவரப் பொருளாலான கூடுகளும் இன்று உள்ளன, தேடிப் பார்த்திருக்கலாம். நான் தேடவில்லை. 'சும்மா' என்ற பின்னர் தேடுவதற்கு என்ன இருக்கிறது? வைத்தியர் அம்மருந்தைத் தொடரச் சொல்லியிருக்கின்றார். வரும் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது பாமசியில் அதனை வாங்கி வரும்படி வீட்டிலிருந்து எனக்கே எழுதியிருக்கின்றார்கள்.