பலகையும் படிக்கல்லும்

"பெரிய கம்பெனிகள் தங்கள் குறிக்கோளை நான்கு வரிகளில் எழுதி வாசலில் மாட்டுகின்றனவே, அதனால் வியாபாரம் பெருகுமா? நிய்யத் சரியானால் பரக்கத் உண்டு என்று நீங்கள் பயானில் சொல்வதும் இதைத்தானே?" என்று ஜுமுஆவுக்குப் பின் ஒரு வாலிபர் நம்மிடம் கேட்டார். சிந்திக்க வேண்டிய கேள்விதான்.

அமெரிக்காவில் என்ரான் என்றோர் எரிசக்திக் கம்பெனி இருந்தது. மரியாதை, நேர்மை, கலந்து பேசுதல், மேன்மை ஆகிய நான்கும் தன் கொள்கைகள் என அது பறைசாற்றியது. 2000ஆம் ஆண்டில் ஒழுக்க விதிகளை 64 பக்கங்களில் அச்சிட்டது. மறு ஆண்டு டிசம்பரில் திவாலாகிவிட்டது! கடனை மறைத்து, இலாபத்தைப் பெரிதாக்கிக் காட்டிய பொய்க் கணக்கு அம்பலமானதே காரணம். ஆயிரக்கணக்கான ஊழியர்கள் வேலையையும், முதுமைக்கெனச் சேர்த்த பணத்தையும் இழந்து தெருவில் நின்றனர்.

அதே நாட்டின் ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி 1943இல் ஒரு கொள்கைப் பிரகடனம் எழுதிக்கொண்டது. தன் பொருளை உபயோகிப்போருக்கே முதற்கடமை, பங்குதாரர்களுக்குக் கடைசியில்தான் என்பது அதன் சாரம். 1982இல் சிகாகோ வட்டாரத்தில் அதன் டைலனால் காப்ஸ்யூல்களில் எவனோ ஒரு பாவி விஷம் கலந்துவிட, ஏழு பேர் மாண்டனர். கம்பெனி, 'குற்றம் நம்முடையதல்லவே' என்று கைகழுவவில்லை. சுமார் 3 கோடியே 10 லட்சம் புட்டிகளை நாடெங்கிலுமிருந்து திரும்பப் பெற்றது. ஏறத்தாழ 10 கோடி டாலர் செலவு. பின்னர், பிரித்தால் தெரியும்படி முத்திரையிட்ட புட்டிகளில் விற்றது. இழந்த வியாபாரத்தில் பெரும்பகுதி மீண்டது.

'அப்படியானால் எழுத்தால் இலாபம் உண்டே' என்று அவசரப்பட வேண்டாம். நஷ்டத்தை ஏற்ற அந்நாளில் வியாபாரம் மீளும் என எவர் அறிவார்? மீளாமலே போயிருந்தாலும் அச்செயல் சரியானதே. பிற்காலத்தில் அதே கம்பெனியின் குழந்தைப் பவுடரால் புற்றுநோய் வந்ததென்று பல்லாயிரம் வழக்குகள் எழுந்தன. கம்பெனி மறுத்தது, ஆயினும் அமெரிக்காவிலும் கனடாவிலும் டால்க் பவுடர் விற்பனையை நிறுத்துவதாக 2020இல் அறிவித்தது. பிரகடனம் என்னவோ இருக்கத்தான் செய்தது. நேற்றைய நேர்மை இன்றைய கணக்கில் வரவாகாது.

நிய்யத்தின் இடம் உள்ளம், சுவர் அல்ல. சுவரில் எழுதியது வாக்குறுதி. நிறைவேற்றினால் அது அமானத். மீறினால் நமக்கெதிரான சாட்சி. செய்யாததைச் சொல்வோரை அல்லாஹ் கடிந்துரைப்பது ஸஃப்ஃபு ஸூராவில் இருக்கிறது.

ஒருமுறை நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டார்கள்; விரல்கள் நனைந்தன. மழை பட்டதாக வியாபாரி கூற, ஈரத்தை மேலே தெரியும்படி வைத்திருக்கலாகாதா எனக் கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். பெருமானார் பார்த்தது குவியலின் அடியைத்தான்!

நம் கடைகளிலும் 786 மாட்டியிருக்கிறோம். அதன் கீழே இருக்கும் தராசு சரியாக இருக்கிறதா? நாணயத்தை இலாபத்துக்காக மட்டும் கடைப்பிடித்தால், இலாபம் நின்ற அன்றே நாணயமும் நின்றுவிடும். அல்லாஹ்வுக்காகக் கடைப்பிடித்தால், நஷ்டத்திலும் அது நிற்கும், அதுவே பரக்கத்.

பலகைக்கும் படிக்கல்லுக்கும் பேதமில்லாத வாழ்வை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.