ஜும்ஆ உரை: வாக்கும் அமானிதமே – பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

புகழ் அனைத்தும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும்.

 

ஒரு தேர்தல் முடிந்த வாரம் அது. மக்ரிபுக்குப் பிறகு மக்தபில் பிள்ளைகளுக்கு அமானிதம் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அடுத்தவர் பொருளைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பது, ரகசியத்தைக் காப்பது என்று வழக்கமான உதாரணங்களைச் சொல்லிக்கொண்டு வந்தேன். பத்து வயதுப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். "ஹஜ்ரத், ஓட்டுக்குக் காசு கொடுத்தாங்களே, அதை அமானிதமாத்தானே வெச்சுக்கணும்? எங்க அத்தா செலவு பண்ணிட்டாரு" என்றான். வகுப்பே சிரித்தது. அவன் கேலிக்காகக் கேட்கவில்லை. வாங்கிய பணம், கொடுக்க வேண்டிய வாக்கு, இரண்டில் எது அமானிதம் என்று அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? "அப்புறம் சொல்றேன், இப்ப சூராவை ஓது" என்றேன்.

ஏழு வருடம் அரபுக் கல்லூரியில் ஓதியவன் நான். மிஷ்காத்தில் ஆட்சியும் நீதியும் பற்றிய பாடத்தை உஸ்தாத் வரிவரியாக நடத்தினார். அதை ஓதிவிட்டு வந்தும், கே.கே. நகரில் ஒரு சிறுவன் கேட்ட கேள்விக்கு எனக்கு வாய் வரவில்லை. பதில் தெரியாமல் அல்ல. பதிலைச் சொன்னால் அவனுடைய அத்தா அவன் கண்ணில் என்ன ஆவார் என்ற பயம்தான்.

இன்றைய உரை அந்த பயத்தைப் பற்றியது. அரசாங்கம், சட்டம், வாக்கு, குடிமகனின் கடமை ஆகியவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். ஆறாம் வகுப்புப் புத்தகத்திலேயே குடிமையியல் இருக்கிறது. ஆனால் அதை உண்மையாகச் சொல்லிக் கொடுத்தால், பிள்ளை முதலில் நம் வீட்டைத்தான் திரும்பிப் பார்ப்பான். அப்படியானால் சொல்லிக் கொடுக்கலாமா? பெற்றோருக்குரிய மரியாதை பெரிதா, உண்மை பெரிதா?

முதலில் அந்தப் பையனின் கேள்விக்கே வருவோம். நபி (ஸல்) அவர்கள் ஜகாத் வசூலிக்க இப்னுல் லுத்பிய்யா என்பவரை அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்து வைத்தார். நாயகம் (ஸல்) அவர்கள் அதை அவரோடு தனியாகப் பேசி முடிக்கவில்லை. மிம்பரில் ஏறினார்கள். இவர் தன் தாய் தந்தையின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு இவரைத் தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் மக்கள் முன் கேட்டார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி இது. பிள்ளைகளுக்கு இதைவிட எளிய அளவுகோல் கிடையாது. இந்தப் பணம் எதற்காக என்னிடம் வருகிறது? எனக்கு வாக்கு இல்லையென்றால் இது வருமா? வராது என்றால் அது அன்பளிப்பு அல்ல, விலை.

லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் சேர்த்தே நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள். நம் நாட்டுச் சட்டமும் அப்படித்தான் சேர்த்துப் பிடிக்கிறது. தேர்தலில் பணம் கொடுத்தவர் மட்டுமல்ல, வாங்கியவரும் குற்றவாளி. ஓராண்டு வரை சிறை உண்டு. இது ஏட்டில் மட்டும் இருக்கும் சங்கதி அல்ல. 2017 ஏப்ரலில் நம் சென்னையிலேயே ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் பணப் பட்டுவாடா காரணமாக ரத்தானது; அந்த மக்கள் டிசம்பர் வரை காத்திருந்தார்கள். 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு ரத்தானது. வேலூர் என்றால் நமக்கு என்ன நினைவு வரும்? மதரஸாக்கள்தான். அந்த ஊரின் பெயர் இதற்காக நாடு முழுக்கப் பேசப்பட்டது. எனக்கு அது இன்னும் வலிக்கிறது.

"எல்லாரும் வாங்குறாங்க ஹஜ்ரத், வாங்கிட்டு நமக்குப் பிடிச்சவங்களுக்குப் போட்டுட வேண்டியதுதான்" என்று சிலர் சொல்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். பிள்ளை எதிரில் நீங்கள் சொல்லிக் கொடுப்பது என்ன? வாங்கியதும் தவறு; வாங்கிக்கொண்டு கொடுத்த வார்த்தையும் பொய். ஒரு பாவத்தை இன்னொரு பாவத்தால் கழுவலாம் என்ற கணக்கு. நாளைக்கு அவன் அதே கணக்கை உங்களிடமே போடுவான்.

அடுத்த வாரம் நான் மக்தபில் அந்தப் பாடத்தை நடத்தினேன். யார் பெயரையும் சொல்லவில்லை. ஆனாலும் இரண்டு நாள் கழித்து அந்தப் பையனின் அத்தா வந்தார். கோபமாகத்தான் வந்தார். "பிள்ளைங்களுக்கு ஓதிக் கொடுங்கன்னு அனுப்புறோம், நீங்க பெத்தவனைக் குறை சொல்லக் கத்துக் கொடுக்கிறீங்களா?" என்றார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வாடகை வீடு, மூன்று பிள்ளைகள். அந்த மாதம் ஸ்கூல் ஃபீஸ் கட்ட அந்தப் பணம் உதவியது. அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி எனக்கு என்ன கிடைக்கப் போகிறது?

ஆனால் குர்ஆன் இந்த இடத்தில் நம்மைத் தப்ப விடுவதில்லை. சூரத்துன் நிஸாவின் 135-வது வசனத்தைப் பாருங்கள். நீதிக்குச் சாட்சியாக நிற்கச் சொல்லும் அல்லாஹ், அது உங்களுக்கே எதிராக இருந்தாலும் என்கிறான். உடனே பெற்றோரையும் உறவினரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறான். பெற்றோரிடம் நன்றியும் பணிவும் காட்டச் சொன்ன அதே ரப்புதான் இதையும் சொல்கிறான். இரண்டும் எப்படிச் சேரும்? இப்ராஹீம் (அலை) அவர்களைப் பாருங்கள். தந்தை செய்வது பெரும் தவறு என்று தெரிந்தும், சூரா மர்யமில் ஒவ்வொரு முறையும் "என் அருமைத் தந்தையே" என்ற விளியோடுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். உண்மையில் ஒரு துளி குறையவில்லை. குரலும் ஒரு துளி உயரவில்லை. குடிமைக் கல்வியின் முதல் பாடம் அந்தக் குரல்தான் என்று நினைக்கிறேன். அந்த அத்தாவிடம் இதைத்தான் சொன்னேன். உங்கள் பிள்ளை உங்களிடம் இப்படிக் கேட்டால், அது அவன் உங்களை மதிக்காததால் அல்ல, நீங்கள் பதில் சொல்வீர்கள் என்று நம்புவதால். அவர் ஒன்றும் சொல்லாமல் போனார். ஸலாம் சொல்லிவிட்டுத்தான் போனார், அல்ஹம்துலில்லாஹ்.

கேட்கும் துணிவு பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? நாம் அவனைக் கேட்டால்தான் வரும். ஒரு சபையில் நபி (ஸல்) அவர்களிடம் பானம் கொண்டுவரப்பட்டது. குடித்துவிட்டு வலப்பக்கம் கொடுக்க வேண்டும் என்பது ஒழுங்கு. வலப்பக்கம் இருந்ததோ அந்தக் கூட்டத்திலேயே இளைய சிறுவர். இடப்பக்கம் பெரியவர்கள். நாமாக இருந்தால் என்ன செய்வோம்? "தம்பி, பெரியவங்க முதல்ல குடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நீட்டிவிடுவோம், அதை அதப் என்றும் சொல்லிக்கொள்வோம். அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் அந்தச் சிறுவரிடம் அனுமதி கேட்டார்கள். தங்களிடமிருந்து கிடைக்கும் என் பங்கை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்று அவர் மறுத்தார். கோப்பை அவர் கையில் வைக்கப்பட்டது. அந்தச் சிறுவர் இப்னு அப்பாஸ் (ரலி) என்று விரிவுரையாளர்கள் சிலர் சொல்வர். பின்னாளில் உமர் (ரலி) அவர்கள் பத்ரு வீரர்களான மூத்த ஸஹாபாக்களின் சபையில் உட்கார வைத்ததும் அதே இப்னு அப்பாஸைத்தான். உரிமை என்றால் என்ன என்று அவருக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. கையில் கோப்பையைக் கொடுத்தார்கள்.

நம் மண்ணிலும் ஒரு சிறுவன் இருக்கிறான். காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. உறுப்பினராகத் தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, எதையும் பிரித்தறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் போட்டியிட முடியாது; அவருடைய நெருங்கிய உறவினரும் முடியாது. இதை நான் புகழ்ந்து மட்டும் சொல்லவில்லை. அந்தச் சபையில் நிலமுள்ள பிராமண ஆண்களுக்கே இடம். பெண்களுக்கும் உழைப்பாளிகளுக்கும் இல்லை. அதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் ஆயிரத்து நூறு வருடம் முன்பு, பெரியவர்கள் தங்கள் கைகளை நம்பாமல் ஒரு குழந்தையின் கையை நம்பினார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

இன்னொரு கேள்வி பெரியவர்களிடமிருந்து வருகிறது. "நமக்கு நியாயம் கிடைக்காத இடமும் இருக்கு ஹஜ்ரத். அதையெல்லாம் பார்த்து வளர்ற பிள்ளைக்கு அரசியல் சாசனத்தை நம்புன்னு எப்படிச் சொல்றது?" இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. கண்ணுக்குத் தெரியும் காயத்தை இல்லை என்று சொன்னால், பிள்ளை நாம் சொல்லும் எதையும் நம்ப மாட்டான். நான் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிபைக் காட்டுவேன். 1948 நவம்பர் 23 அன்று அரசியல் நிர்ணய சபையில், எந்தச் சமூகமும் தன் தனியார் சட்டத்தை விட்டுவிடக் கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று அவர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். வாதாடினார். டாக்டர் அம்பேத்கர் பதில் சொன்னார். திருத்தம் தோற்றது. அவர் கதவைச் சாத்திக்கொண்டு போகவில்லை. மாநிலங்களவையில் இருந்தார்; பிறகு 1962, 1967, 1971 என்று மஞ்சேரி மக்கள் அவரை மக்களவைக்கு அனுப்பினார்கள். 1972-இல் இறக்கும்வரை அந்தச் சபையில் பேசினார். தோற்ற வாதத்தோடு அதே சபையில் உட்கார்ந்து அடுத்த வாதத்தைத் தொடங்குவது ஒரு கல்வி. பள்ளிப் புத்தகத்தில் அதற்கு மதிப்பெண் இல்லை.

நம்முடைய நபி (ஸல்) அவர்களும் இளம் வயதில், நபித்துவத்துக்கு முன்பு, மக்காவில் ஹில்ஃபுல் ஃபுளூல் என்ற ஒப்பந்தத்தில் கலந்துகொண்டார்கள். வெளியூரிலிருந்து வந்த யமன் வியாபாரி ஒருவரின் சரக்கை வாங்கிவிட்டு உள்ளூர்ப் பிரமுகர் பணம் தரவில்லை. அநீதிக்குள்ளானவர் யாராக இருந்தாலும் அவர் பக்கம் நிற்போம் என்று அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் வீட்டில் சிலர் உறுதி எடுத்தார்கள். அவர்களில் ஒருவர்கூட அன்று முஸ்லிம் இல்லை. இஸ்லாம் வந்த பிறகும், அப்படி ஓர் அழைப்பு வந்தால் ஏற்பேன் என்றார்கள் நாயகம் (ஸல்). பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து தண்ணீர்ப் பிரச்சனைக்கு மனு எழுதும் பிள்ளை இந்த சுன்னத்தில்தான் இருக்கிறான்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? தெருவிலிருந்து. கே.கே. நகர் என்று சுருக்கிச் சொல்கிறோமே, விரித்தால் கலைஞர் கருணாநிதி நகர் என்று எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? வீட்டு வசதி வாரியம் செக்டார் செக்டாராகப் பிரித்துக் கட்டிய பகுதி இது. இ.எஸ்.ஐ. மருத்துவமனையைத் தாண்டும்போது, தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 0.75 சதவீதமும் முதலாளியிடமிருந்து 3.25 சதவீதமும் சேர்ந்துதான் அது நடக்கிறது என்று சொல்லுங்கள். பிஸ்கட் பாக்கெட் வாங்கும் பிள்ளையிடம், "நீயும் ஜி.எஸ்.டி. கட்டிட்டே, இனி நீ கணக்குக் கேட்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள்; முகம் எப்படி மாறுகிறது என்று தெரியும். சென்னை மாநகராட்சி 1688-இல் தொடங்கியது, இந்தியாவிலேயே பழமையானது. அப்படிப்பட்ட மாநகராட்சி 2016 முதல் 2022 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர்களே இல்லாமல் நடந்தது. அந்த வருடங்களில் நம்மில் எத்தனை பேர் அதை ஒரு குறையாக உணர்ந்தோம்?

பதினேழு வயதுப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், வாக்காளர் பட்டியலில் சேர இப்போதே படிவம் 6 கொடுத்து வைக்கலாம். பதினெட்டு நிறைந்ததும் பெயர் சேரும். 1989 வரை இருபத்தொரு வயது ஆக வேண்டியிருந்தது. பெண் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். கல்யாணமாகிப் போகிறவள்தானே என்று பெயர் சேர்க்காமல் விட்ட வீடுகள் நம் மஹல்லாவில் உண்டு.

மக்தபில் இப்போது வகுப்புத் தலைவரைப் பிள்ளைகளே சீட்டு எழுதித் தேர்ந்தெடுக்கிறார்கள். போன முறை ஒரு பையன் மிட்டாய் கொடுத்து ஓட்டுக் கேட்டான். நான் வாய் திறக்குமுன், அமானிதம் பற்றிக் கேட்டானே அந்தப் பையன், எழுந்து நின்று, "மிட்டாயைத் திருப்பிக் கொடுத்துட்டு நில்லுடா" என்றான். இரண்டு மிட்டாய் ஏற்கெனவே தின்று தீர்ந்திருந்தது. அதை என்ன செய்வது என்று வகுப்பு அரை மணி நேரம் விவாதித்தது. இஷா பாங்கு சொல்லும்வரை முடிவாகவில்லை.