நோயும் பழியும்

சென்ற தவணையில் எமது பாடசாலையின் ஆசிரியர் ஓய்வறையில் நிகழ்ந்த ஒரு பேச்சே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். எம்மோடு நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கால்விரல்கள் சலரோகத்தினால் அகற்றப்பட்டன என்ற செய்தி வந்திருந்தது. அனுதாப மொழிகள் ஓய்ந்ததும் ஒருவர் சொன்னார்: "என்ன செய்யிறது, மனுசன் வாயைக் கட்டேல்லை." எல்லோரும் தலையசைத்தனர், நானும் அசைத்தேன். பிறரொருவரின் துன்பத்துக்குக் காரணம் கண்டுவிட்ட நிம்மதியோடு அவரவர் வகுப்புக்கு எழுந்து சென்றோம்.

அந்த நிம்மதி நியாயமானதுதானா?

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் இரண்டு கடமைகளை வகுத்துள்ளார். அளவறிந்து உண்ணுதல் நோய் வாராது காப்போனின் கடமை. நோய் தோன்றிய காரணத்தை ஆராய்ந்து தெளிதல் அதனைத் தீர்க்க முற்படுவோனின் கடமை. முன்னதை நாம் நோயாளிக்கு ஓயாது எடுத்தோதுகின்றோம். பின்னதை வசதியாக மறந்துவிடுகின்றோம்.

2021ஆம் ஆண்டில் 20 முதல் 79 வயது வரையுள்ளோருள் 53 கோடியே 70 இலட்சம் பேர் நீரிழிவோடு வாழ்ந்தனர் எனச் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் மதிப்பிட்டது. அவருள் நால்வருக்கு மூவர் குறைந்த வருமானமோ நடுத்தர வருமானமோ உடைய நாடுகளில் வாழ்வோர். பணக்காரரின் நோய் என்று முன்னாளிற் பேசப்பட்டது இன்று உழைப்பாளரின் வீட்டிலும் குடியேறிவிட்டது. இத்தனை கோடி மக்களும் ஓரிரு தலைமுறைக்குள் ஒருங்கே வாயடக்கத்தை இழந்துவிட்டனர் என்று நம்புதல் அறிவுக்குப் பொருந்துமா?

அமெரிக்காவின் அரிசோனாவில் பீமா என்றழைக்கப்படும் பழங்குடியினர் உளர். தம்மொழியில் அவர்கள் தம்மை ‘ஆற்று மக்கள்’ என்பர். கீலா நதியிலிருந்து வாய்க்கால் வெட்டிச் சோளமும் அவரையும் பூசணியும் விளைவித்து வாழ்ந்தவர்கள் அவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பொன் தேடிக் கலிபோர்னியாவுக்குச் சென்ற பிரயாணிகளுக்கும் அவர்களே உணவளித்தனர். அந்நூற்றாண்டின் பிற்கூற்றில், மேற்புறத்தே குடியேறிய வெள்ளையர் நதிநீரைத் தம் நிலங்களுக்குத் திருப்பிக்கொண்டனர். வாய்க்கால்கள் வறண்டன, வயல்கள் தரிசாயின, பஞ்சம் வந்தது. பின்னர் அரசாங்கம் வழங்கிய வெள்ளை மாவும் பன்றிக்கொழுப்பும் சீனியும் அவர்களது அன்றாட உணவாயின. நிலத்தில் உழைத்த உடலுக்கு உழைப்பும் இல்லாது போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களிடையே அரிதாயிருந்த நீரிழிவு, அந்நூற்றாண்டு முடியுமுன் உலகிலேயே மிக அதிகமாய்ப் பதிவான இடங்களுள் ஒன்றாக அவர்களது ஊர்களை ஆக்கிற்று.

ஆராய்ச்சியாளர் அங்கு சென்றனர். 1965 முதல் பல்லாண்டுகள் அம்மக்களின் குருதியைச் சோதித்தனர். பஞ்சகாலத்தில் உயிர்காத்த ‘சிக்கன மரபணு’ வளம் மிகுந்த காலத்தில் நோயாக மாறுகின்றது என்னும் கருதுகோளை ஜேம்ஸ் நீல் 1962இல் வெளியிட்டிருந்தார். பீமா மக்கள் அதற்குச் சிறந்த சான்றாகக் காட்டப்பட்டனர். குற்றம் வாயிலிருந்து இரத்தத்துக்கு இடம்மாறியதேயன்றி, அவர்களது உடலை விட்டு வெளியே செல்லவில்லை.

ஆயின் இதே பீமா மரபினர் மெக்சிக்கோவின் சியரா மாட்ரே மலைப்பகுதியிலும் வாழ்கின்றனர். அவர்கள் தம் கைகளால் உழுது, தாம் விளைத்ததை உண்பவர்கள். இரு சாராரையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2006இல் வெளிவந்தது. அரிசோனாவில் நூற்றுக்கு 38 பேர் நீரிழிவுடையோராயிருக்க, மெக்சிக்கோவில் ஏறக்குறைய 7 பேரே அவ்வாறிருந்தனர். குருதி ஒன்று, வாழ்க்கை வேறு. மரபணுவுக்குப் பங்கில்லை என்று இதனாற் கூறிவிட முடியாது. அது விதை எனின், அதனை முளைப்பித்தது பறிக்கப்பட்ட நதி. அந்நீரின் ஒரு பகுதியை அம்மக்களுக்கு மீட்டளிக்கும் சட்டம் 2004இல் தான் அமெரிக்காவில் நிறைவேறிற்று. நோயின் காரணத்தை மருத்துவ நூலில் மட்டும் தேடியவர்கள், நீர்ப்பங்கீட்டுப் பத்திரங்களிலும் தேடியிருத்தல் வேண்டும்.

மருந்தின் வரலாறும் இத்தகையதே. இன்சுலின் சுரக்காத சிறுவர்கள் பட்டினிச் சிகிச்சையில் மெலிந்து மாண்ட காலமொன்றிருந்தது. 1922 சனவரியில் ரொறன்ரோ நகர வைத்தியசாலையொன்றில் 14 வயதுச் சிறுவன் லெனாட் தொம்சனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. அம்மாதத்திலேயே தூய்மையாக்கப்பட்ட மருந்து அவனை மரணத்தின் வாயிலிலிருந்து மீட்டது. மறுவருடம் பண்டிங், பெஸ்ட், கொலிப் ஆகியோர் அதன் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டொலருக்கு ரொறன்ரோப் பல்கலைக்கழகத்திடம் கையளித்தனர். எவரும் அதனைத் தனியுடைமையாக்கி ஏழையின் உயிருக்கு விலைபேசலாகாது என்பதே நோக்கம். ஒரு நூற்றாண்டு சென்றது. உலக இன்சுலின் வணிகத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பங்கு மூன்று நிறுவனங்களின் கைக்கு வந்தது. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலேயே விலைகொடுக்க இயலாது அளவைக் குறைத்து ஏற்றி உயிர்நீத்தோர் உண்டு. மக்களின் எதிர்ப்பு வலுத்த பின்னரே 2023இல் அந்நிறுவனங்கள் அங்கு விலைகுறைப்பை அறிவித்தன. பொதுவாக ஓடிய நீரை மேட்டில் இருப்பவர் தடுத்துக்கொண்ட கதை மருந்திலும் நிகழ்ந்ததன்றோ?

இவ்வாறு கூறுவதால் தனிமனிதனுக்குப் பொறுப்பே இல்லை என்றாகிவிடாதா என்று நண்பர்கள் கேட்பர். நியாயமான கேள்வி. நோயாளி தன் உணவைக் கவனித்தலும் நடத்தலும் மருந்தைத் தவறாது எடுத்தலும் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆயினும் தெரிவுசெய்ய வழியுள்ளவனிடமே தெரிவுக்குப் பொறுப்புக் கேட்கலாம். விடியற்காலையில் பாணும் சீனித் தேநீரும் அருந்திவிட்டு வேலைக்கு ஓடும் தொழிலாளிக்கு, வேறு உணவை வாங்கும் காசையும் சமைக்கும் நேரத்தையும் கொடாத சமூகம், கட்டுப்பாட்டை மட்டும் உபதேசிக்குமாயின் அது அறமாகாது. பொறுப்பைப் பங்கிடுபவர் முதலில் வழியைப் பங்கிடட்டும்.

ஆசிரியர்களாகிய நாமும் இதில் குற்றமற்றவர்களல்லர். எமது பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் மாணவர்க்கு மலிவாய்க் கிடைப்பவை மாப்பண்டங்களும் இனிப்புப் பானங்களுமே. பரீட்சை நெருங்கும் தவணைகளில் உடற்கல்விப் பாடவேளையைத் தமிழ் இலக்கணத்துக்கு நானே பலமுறை எடுத்துக்கொண்டுள்ளேன். மாணவர் முணுமுணுத்தபோது, ‘விளையாட்டுச் சோறு போடுமோ’ என்று கேட்டேன். இருபது ஆண்டுகளின் பின் அவருள் ஒருவனுக்கு இந்நோய் வந்தால், வேறோர் ஓய்வறையில் வேறோர் ஆசிரியர், அவன் வாயைக் கட்டவில்லை என்று தலையசைக்கக்கூடும்.

விரல்களை இழந்த அந்த ஆசிரியரைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை பார்க்கச் சென்றேன். "எல்லாம் என்ரை பிழைதான், தம்பி" என்றார். நாங்கள் ஓய்வறையில் வழங்கிய தீர்ப்பை அவரும் ஏற்றுக்கொண்டிருந்தார். அதனை மறுத்துரைக்க எனக்கு நெடுநேரம் சென்றது.