காற்றுத் துவாரமும் கொல்லாமையும்

தன் வீட்டுப் பரணிலே குடியேறிவிட்ட எலியை இல்லறத்தான் கொல்லலாமா, கூடாதா என்னும் வினா, தத்துவ சாஸ்திரங்களின் மகத்தான விசாரணைகளுக்கு முன்னே அற்பமானதாகத் தோன்றலாம். ஆயினும், பிரம்மத்தின் ஸ்வரூபத்தைப் பற்றி வாழ்நாளில் ஒருமுறையேனும் தீர்மானம் செய்யவேண்டிய அவசியம் நேராத சாமானியர்களும் இந்த வினாவுக்கு ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு விடையைச் செயலினாலேயே சொல்லிவிடுகிறார்கள். ஆதலால் இதனை அற்பமென்று ஒதுக்க என் மனம் இசையவில்லை. தானிய மூட்டைகளும் பருப்பும் வற்றலும் நிறைந்த கிட்டங்கிகளுக்கு அருகிலேயே குடியிருப்புகளும் நெருங்கி நிற்கின்ற தூத்துக்குடியில், ஐப்பசி மழை இறங்கித் தரைவளைகளில் தண்ணீர் புகுந்ததும், எலிகள் முருங்கைக் கிளையையும் மின்கம்பியையும் பற்றி ஏறி, கூரையடியில் காற்றுக்காக விடப்பட்ட துவாரங்களின் வழியே பரணை அடைகின்றன.

சைவ மரபு எலியை இழிந்த பிராணியாகக் கருதியதில்லை. விநாயகப் பெருமானுக்கு அது வாகனம். வேதாரணியம் என்று இன்று வழங்கும் திருமறைக்காட்டிலோ, திருவிளக்கின் நெய்யை உண்ண வந்த எலியொன்றின் மூக்குப் பட்டு, அணையும் தறுவாயிலிருந்த திரி தூண்டப்பெற்றுச் சுடர்விட்டது என்றும், அதற்காகவே சிவபெருமான் அதனை மறுபிறவியில் மாவலிச் சக்கரவர்த்தியாக்கினார் என்றும் ஒரு வரலாறு உண்டு. அப்பர் சுவாமிகளும் அதனைத் தேவாரத்தில் பாடியிருக்கிறார். அந்த எலி கைங்கர்யம் செய்ய வரவில்லை, பசியினால் வந்தது; எண்ணாமல் செய்த நன்மைக்கே மூவுலக ஆட்சி கிடைக்குமாயின், எண்ணாமல் செய்யும் தீமைக்குக் கணக்கே இல்லையென்று நாம் எப்படி நிம்மதியாக இருத்தல் கூடும்? சென்ற கோடையில் கண்ணில் பட்டும் அடைக்காமல் விட்ட துளைதானே, மழைக்காலத்தில் ஓர் உயிரை உள்ளே அழைத்து, பின்பு அதன் மரணத்துக்கும் காரணமாகிறது!

எலியோடு கூடி வாழ்ந்துவிடலாம் என்று உபதேசிப்பதும் தர்மமாகாது. பிளேக் நோயை எலியிடமிருந்து மனிதனுக்குக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சியே என்று பிரெஞ்சு மருத்துவர் சீமோன் 1898-இல் கராச்சியில் கண்டறிந்தார்; அந்நோயின் அச்சத்தினாலேயே, தூத்துக்குடி வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய ஏழைத் தொழிலாளர் தட்டப்பாறை முகாமில் தடுத்து வைக்கப்பட்டனர். எலிக்காய்ச்சல் இன்றும் நம்மிடையே இருக்கிறது. தொட்டிலில் குழந்தை உறங்கும் வீட்டில் எலியை விலக்குவது கிருகஸ்தனின் கடமை. அதனை எவ்வாறு விலக்குவது என்பதிலேதான் தர்ம விசாரம் தொடங்குகிறது.

இந்த விசாரத்துக்கு வேண்டிய வெளிச்சம் இந்த ஜில்லாவிலேயே உண்டு. கோவில்பட்டிக்கு அருகே கழுகுமலைப் பாறையில், பாண்டியர் காலத்துச் சமணர் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அமர்ந்திருக்கின்றன. அஹிம்சையை அவர்களைப்போல் கடுமையாகக் கொண்டவர் எவருமிலர். எனினும், துறவிக்கு மகாவிரதமும் இல்லறத்தானுக்கு அணுவிரதமும் என்று அவர்கள் பிரித்தே வைத்தார்கள். வேண்டுமென்றே செய்யும் சங்கல்ப ஹிம்சையை இல்லறத்தானுக்கும் விலக்கினார்கள். சமைத்தல், கூட்டுதல் முதலிய வீட்டு வேலையில் நேர்வதும், தொழிலில் நேர்வதும், தற்காப்பில் நேர்வதும் அவனால் முற்றிலும் தவிர்க்க முடியாதவை என்று ஒப்புக்கொண்டு, இயன்றவரை குறைக்கச் சொன்னார்கள். வள்ளுவரும் கொல்லாமை அதிகாரத்தைத் துறவறவியலில்தான் வைத்திருக்கிறார்.

இக்கடற்கரைக்கு இந்தப் பாகுபாடு இல்லாமல் அறம் பேசவே இயலாது. முத்துக்குளித்த காலத்தில், அள்ளிவந்த சிப்பிகளைக் கரையிலே குவித்து, சதை அழுகும்வரை காத்திருந்து, பின்பே முத்தை அலசி எடுத்தார்கள். சில முத்துக்களுக்காக எண்ணற்ற உயிர்கள் அழிந்தன. இங்கே 1961-ஆம் ஆண்டுடன் அந்தக் குளிப்பு நின்றது. மூச்சடக்கிக் கடலடிக்குச் சென்று குடும்பத்தைக் காத்த பரதவரைக் கொலைபாதகர் என்று சொல்ல எந்த நாவுக்கு உரிமையுண்டு? அது தொழிலின் ஹிம்சை. அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஆனால் "வேறு வழியில்லை" என்பது காலத்தோடும் விலையோடும் மாறுகின்ற வாக்கியம் என்பதை நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை. ஓர் உயிரைக் கொல்லாமலிருக்க ஆகும் செலவு எவ்வளவுக்கெவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்கவ்வளவு கொல்வதற்கு நாம் சொல்லும் நியாயமும் சுருங்கிப்போகிறது. சுண்டெலி நுழைய ஒரு பென்சில் பருமனுள்ள சந்து போதும். எனவே கண் கால் அங்குலத்துக்கு மேற்படாத கம்பி வலையைத் துவாரத்தின் அளவுக்கு வெட்டி, மரச்சட்டம் வைத்துத் திருகாணியால் முடுக்கிவிட்டால் காற்று வரும், எலி வராது. நைலான் கொசுவலையை அது கடித்துவிடும். சாதாரண இரும்பு வலையை இவ்வூர் உப்புக்காற்று விரைவில் தின்றுவிடுமாதலால், எவர்சில்வர் வலைக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவழிப்பதே முடிவில் சிக்கனம். குழாய் நுழையும் சந்துகளில் பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நாரைத் திணிக்கலாம். சுவர்ப் பொத்தலைக் கண்ணாடிச் சில்லு கலந்த சிமெண்டுக் கலவையால் பூசலாம். கூரையைத் தொடும் முருங்கைக் கிளையைக் கழிக்கக் காசே வேண்டாம். துவாரத்தையே பலகையால் மூடிவிடுவது இந்த வெயிலில் வீட்டாருக்குத் துன்பம்.

இவ்வளவு எளிய வழியிருக்க, உள்ளே இரத்தம் கசிந்து நாட்கணக்கில் சாகடிக்கும் நஞ்சையும், உயிரோடு ஒட்டிக்கொண்டு துடிக்கவைக்கும் பசையட்டையையும் வாங்குவது, தற்காப்பு என்ற எல்லையைக் கடந்து சங்கல்பத்தின் எல்லைக்குள் புகுந்துவிடுகிறது என்றே நான் கருதுகிறேன். நஞ்சுண்ட எலியைத் தின்ற கூகையும் பூனையும் சாகின்றன. எலியைக் குறைக்க இயற்கை நமக்குத் தந்த துணையையும் நாமே அழித்துக்கொள்கிறோம்.

வலையடிப்பதிலும் ஜாக்கிரதை வேண்டும். பரணில் குஞ்சுகள் இருக்கும்போது வழியை அடைத்தால், தாய் வெளியேயும் குஞ்சுகள் உள்ளேயுமாகப் பட்டினியில் மடியும். அது பசையட்டையைவிட மேலானதன்று. சுண்டெலி சுமார் 20 நாள் சூல் தாங்குகிறது. பிறந்த குஞ்சு பால்குடி மறக்க ஏறக்குறைய 3 வாரமாகும். ஆகையால் முதலில் பரணிலுள்ள தானியத்தையும் பழந்துணியையும் அகற்றி, கூடு இருந்தால் குஞ்சுகள் ஓடித் திரியும்வரை பொறுத்து, வெளியே மட்டும் திறக்கும் சிறு கதவொன்றைச் சில நாள் வைத்து, சத்தம் அடங்கியபின் அதையும் மூடவேண்டும். மூன்று வாரப் பொறுமை இங்கே விரதத்துக்குச் சமானம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. என் வீட்டில் இடமில்லாத எலி அடுத்த வீட்டுக்குத்தான் போகும். அங்கே அதற்கு நஞ்சு காத்திருக்குமாயின், என் கை சுத்தமாயிற்றே தவிர எலி பிழைக்கவில்லை. துறைமுகத்தில் கரையோடு கட்டிய கப்பலின் வடங்களில் எலி ஏறாதபடி வட்டத் தகடுகளைக் கோத்திருப்பதைக் காணலாம். அது தனியொரு மாலுமியின் நல்லெண்ணத்துக்கு விடப்படாமல் துறைமுகங்களின் ஒழுங்காகவே வந்திருக்கிறது. சுவரோடு சுவர் ஒட்டிய நம் தெருக்களிலும், வலைக்குப் பணமில்லாத வீட்டுக்கு வசதியுள்ள வீட்டார் வாங்கிக்கொடுத்து, எல்லாத் துவாரங்களையும் மழைக்கு முன்னே ஒருசேர அடைப்பதுதான் முறை.