பெற்றோரை அயல்நாட்டுக்கு அழைப்போர் சிந்தனைக்கு

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



வெம்பக்கோட்டைப் பக்கத்தில் தாயில்பட்டி என்று ஓர் ஊர். பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் ஊர்களில் அதுவும் ஒன்று. பெயர்க் காரணம் எதுவாயினும், அந்தப் பெயரைச் சொல்லும்போதே 'தாய்' என்ற சொல் நாவில் வந்துவிடுகிறது. சிவகாசி, சாத்தூர், தாயில்பட்டி வட்டாரத்தில் எத்தனையோ பெற்றோர்கள் தீப்பெட்டி ஒட்டியும் சரவெடி பின்னியும் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். வெடிமருந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சம்பாதித்த காசு அது. காலையில் வேலைக்குப் போனவர் மாலையில் வீடு திரும்பினால் அதுவே அல்லாஹ்வின் பேரருள்.

தமிழ்நாட்டின் மற்றச் சிற்றூர்களைப் போலவே இப்பகுதியிலிருந்தும் படித்த பிள்ளைகள் கடல் கடந்து போகிறார்கள். வேலை நிலைத்து, வீடு வாங்கி, குழந்தைகளும் பிறந்த பின் ஓர் எண்ணம் எழுகிறது: "அத்தாவையும் அம்மாவையும் இங்கேயே நிரந்தரமாக அழைத்துக்கொண்டால் என்ன?" நல்ல எண்ணம். ஆனால் நல்ல எண்ணத்தையும் மார்க்கத்தின் தராசில் நிறுத்துப் பார்க்க நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

சட்டம் கேட்கும் உறுதிமொழி

கனடா நாட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே நிரந்தரக் குடியுரிமை பெற்றவர், பெற்றோரை மட்டுமன்றிப் பாட்டன் பாட்டியையும் நிரந்தரவாசிகளாக அழைக்க ஒரு திட்டம் ஏற்பட்டது. மனுச் செய்யும் பிள்ளை மூன்று ஆண்டு வருமானத்தைக் காட்ட வேண்டும். அத்துடன் ஓர் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். உணவு, உடை, உறையுள், அரசு ஏற்காத மருத்துவச் செலவு அனைத்தும் தன் பொறுப்பு என்பதே அந்த உறுதிமொழி. முன்பு 10 ஆண்டாக இருந்த அதன் காலம் 2014 முதல் 20 ஆண்டாக்கப்பட்டது. கியூபெக் மாநிலத்தில் மட்டும் 10 ஆண்டு. இடையில் வேலை போனாலும் பொறுப்பு போகாது. பெற்றோர் அரசின் உதவித் தொகையைப் பெற்றுவிட்டால் அதைப் பிள்ளையே திருப்பிக் கட்ட வேண்டும்.

விரும்பிய அனைவருக்கும் வாய்ப்புக் கிடைப்பதில்லை. 2020-ஆம் ஆண்டு பெயர் கொடுத்தவர்களிலிருந்தே 2025 வரையிலும் குலுக்கல் முறையில் ஆட்களை அழைத்தார்கள். நிரந்தரமாக அன்றி வந்து தங்கிச் செல்வதற்கு 2011 இறுதியில் 'சூப்பர் விசா' ஏற்பட்டது. 2022 முதல் அதில் ஒரு தடவைக்கு 5 ஆண்டு வரை தங்கலாம். அமெரிக்காவிலோ, 21 வயது நிரம்பிய குடிமகனே பெற்றோருக்கு மனுச் செய்ய முடியும். பாட்டன் பாட்டிக்கு அங்கே வழியில்லை.

ஷரீஅத் முன்பே வாங்கிய கையெழுத்து

சகோதரர்களே! அந்த நாட்டுச் சட்டம் 20 ஆண்டுக்குக் கேட்கும் பொறுப்பை அல்லாஹ் நம்மிடம் முன்பே ஒப்படைத்துவிட்டான். வசதியற்ற பெற்றோரைப் பராமரிப்பது வசதியுள்ள பிள்ளைகள் மீது வாஜிபு. ஹனபி, ஷாபிஈ இரு மத்ஹபுகளிலும் பாட்டன் பாட்டியும் இதில் அடங்குவர். இது ஆண்மக்களுக்கு மட்டும் உரியதன்று, பெண்மக்களுக்கும் உண்டு. அதனால்தான் பெற்றோருக்கு ஜகாத் கொடுத்தால் நிறைவேறாது என்று இமாம்கள் கூறினார்கள். கடமையாகக் கொடுக்க வேண்டியதை ஜகாத்தில் கழிக்க முடியுமா?

பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23, 24-ஆம் ஆயத்துகளில் அல்லாஹ் தன்னை வணங்குவதையடுத்துப் பெற்றோருக்கு நலம் புரிவதைக் கட்டளையிடுகிறான். அவர்கள் முதுமையடையும்போது சலிப்பின் சிறு ஒலிகூட நம் வாயிலிருந்து வரலாகாது என்று தடுக்கிறான். பத்திரத்தில் சோறும் துணியும் மருந்தும் எழுதியிருக்கும். முகச்சுளிப்பைப் பற்றி எந்த அரசும் எழுதி வாங்குவதில்லை. அதைக் கேட்பவன் அல்லாஹ் ஒருவனே.

யூசுப் நபி (அலை) காட்டிய வழி

வெளிநாட்டில் உயர்ந்த பிள்ளை பெற்றோரை அழைத்துக்கொண்ட வரலாறு திருமறையிலேயே இருக்கிறது. யூசுப் (அலை) அவர்கள் மிஸ்ரு நாட்டின் களஞ்சியப் பொறுப்பில் இருந்தபோது, தம் சட்டையைக் கொடுத்தனுப்பி, குடும்பம் முழுவதையும் அழைத்து வருமாறு சகோதரர்களிடம் சொன்னார்கள். பெற்றோர் வந்ததும் அணைத்துக்கொண்டார்கள். இந்நாட்டில் உங்களுக்கு அச்சமில்லை என்று ஆறுதல் கூறினார்கள். அதன்பின் அவர்களை அரியணை மீது அமர்த்தினார்கள்.

கவனியுங்கள்! அதிகாரம் மகனுடையது, ஆசனம் பெற்றோருக்கு. இன்று சில வீடுகளில் நடப்பது என்ன? வந்திறங்கிய மறுவாரமே தாயார் சமையலறைக்கும் தொட்டிலுக்கும் பொறுப்பாளியாகிறார். பேரப்பிள்ளையைத் தூக்குவதில் பாட்டிக்கு ஆனந்தம் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் ஆயாக் கூலி மிச்சம் என்று கணக்குப் போட்டு அழைத்தால், அது பணிவிடை செய்வதன்று, பணிவிடை வாங்குவது. ஊரில் பாங்கு கேட்டதும் பள்ளிக்கு நடந்து போன தந்தை, அங்கே பனிக்காலத்தில் மகனுடைய கார் வந்தால்தான் ஜும்ஆவுக்குப் போக முடியும். அந்தக் காரை ஓட்ட நேரமில்லாத மகன் எதற்காக அழைத்தான்?

ஆகவே மூன்று விஷயங்களைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, பெற்றோரிடம் கேளுங்கள். பிறந்த மண்ணிலேயே கண் மூடி, தம் பெற்றோர் அடங்கிய கபுருஸ்தானிலேயே அடங்க விரும்பும் முதியவர்கள் அநேகர். ஹிஜ்ரத் செய்ய பைஅத் கொடுக்க வந்த ஒருவர், அழுதுகொண்டிருந்த பெற்றோரை விட்டு வந்ததாகச் சொன்னபோது, திரும்பிப் போய் அவர்களைச் சிரிக்க வைக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் அனுப்பிவிட்டார்கள். விட்டுப் போய் அழவைப்பதே கூடாதென்றால், இழுத்துப் போய் அழவைக்கலாமா?

இரண்டாவது, மனுவில் பொய் கலக்காதீர்கள். பழைய தலைமுறையினர் பலருக்குப் பிறப்புச் சான்று கிடையாது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்ட தேதி ஒன்று, ரேஷன் கார்டில் இன்னொன்று, ஆதாரில் வேறொன்று. உள்ளதை உள்ளபடி எழுதி விளக்கம் கொடுப்பதே முறை. பொய்யான விவரம் கொடுத்தால் கனடாச் சட்டப்படி 5 ஆண்டு நுழையத் தடை. மறுமையின் விசாரணை அதற்கும் அப்பால் இருக்கிறது. போட்ட கையெழுத்து ஓர் அஹ்து, வாக்குறுதி. வாக்குறுதி பற்றி விசாரிக்கப்படும் என்பதை அதே பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 34-ஆம் ஆயத்து உணர்த்துகிறது.

மூன்றாவது, ஊரிலேயே இருந்து பெற்றோரைப் பார்க்கும் சகோதரனையும் சகோதரியையும் மறவாதீர்கள். மாதம் பணம் அனுப்புகிறவன் பெரியவன், இரவில் கால் பிடித்துவிடுகிறவன் சிறியவன் என்ற நினைப்பு கூடவே கூடாது. மாமனார் மாமியாருக்குப் பணிவிடை செய்யும் மருமகள் கடமைக்காகச் செய்யவில்லை, உபகாரமாகச் செய்கிறாள். அவளுக்கு நன்றி சொல்ல வெளிநாட்டிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு போதுமே!

விசா கிடைக்காதவர்கள் வருந்த வேண்டாம். ஜிஹாதுக்குப் புறப்பட அனுமதி கேட்டவரிடம், பெற்றோர் உயிரோடிருக்கிறார்களா என்று விசாரித்து, அவர்களுக்காகவே பாடுபடும்படி திருப்பி அனுப்பினார்கள் அருமை நாயகம் (ஸல்) அவர்கள். அந்த வாசல் எந்த அரசின் குலுக்கலிலும் இல்லை. ஆண்டுக்கொரு முறை வந்து கூட இருப்பதும், அன்றாடம் குரல் கேட்பதும், கேளாமலே தேவையறிந்து அனுப்புவதும் நம் கையிலேயே இருக்கின்றன.

கனடாவின் பத்திரம் 20 ஆண்டில் முடிந்துவிடும். பெற்றோரின் ஹக்கு அவர்கள் மவுத்தான பின்னும் முடிவதில்லை. அவர்களுக்காக துஆச் செய்வதும், பாவமன்னிப்புத் தேடுவதும், அவர்கள் கொடுத்த வாக்கை நிறைவேற்றுவதும், அவர்களின் நண்பர்களைக் கண்ணியப்படுத்துவதும் பிள்ளைகள் மீது மீதியிருக்கும் கடன்கள்.

யா அல்லாஹ்! மருந்துப் பொடி படிந்த விரல்களால் எங்களுக்குச் சோறூட்டிய பெற்றோரை நாங்கள் எங்கிருந்தாலும் மகிழ்விக்கும் பாக்கியத்தைத் தருவாயாக! அவர்களின் பொருத்தத்தையும், அதன் மூலம் உன் திருப்பொருத்தத்தையும் எங்களுக்கு அருள்வாயாக! ஆமீன். யாரப்பல் ஆலமீன்.