கேட்பது பாவமா?



நமது ஆலயக் குடும்பங்களுக்குள் அடிக்கடி எழுந்தும் வெளிப்படையாகப் பேசப்படாத ஒரு கேள்வியை இம்முறை எடுத்துக்கொள்கிறோம். விபத்தில் காயப்பட்ட ஒருவர் நட்டஈடு கேட்பது தர்மமா? தவறு செய்தவர் நம்மவராக இருந்தால், அப்போதும் தர்மமா? இதைப் புத்தகத்தைப் பார்த்து நாம் எழுதவில்லை. காயப்படுத்திய வாகனம் எமது வாகனம்.

2022 ஆகஸ்டில் தேர்த் திருவிழா முடிந்து இலண்டனில் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். கணவன் மனைவியாகிய நாம் முன்னால் இருந்தோம். பின் ஆசனத்தில் எமது அயலில் வசிக்கும் அக்கா ஒருவர் இருந்தார். சந்தியில் வழிவிட வேண்டியவர்கள் நாமே. வழிவிடாமல் எடுத்தோம். பக்கத்தால் வந்த கார் மோதியது. எமக்குச் சிராய்ப்பு மட்டுமே. அக்காவுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. அவர் வீட்டிலிருந்து சேலைக்குச் சட்டை தைத்துக் கொடுத்து வாழ்பவர். பிளாஸ்ரர் கழற்றிய பின்னும் பல மாதங்கள் கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை.

ஒவ்வொரு வாரமும் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றோம். யாரோ ஒருவர் அவரிடம் நட்டஈடு கேட்கும்படி சொல்லியிருக்கிறார். அக்கா எம்மிடமே சொன்னார்: "சொந்த ஆக்கள் மேல கேஸ் போடுறதே, தங்கச்சி? பிறகு கோயில்ல எப்பிடி முகம் பாக்கிறது? இது என்ர விதி."

அதைக் கேட்டபோது எமக்கு மனம் இலேசாயிற்று. காப்புறுதிக் கட்டணம் இன்னும் ஏறாது, கடிதங்கள் வராது, எமது தவறு எழுத்தில் பதியாது. அவருடைய பெருந்தன்மையைப் பலரிடமும் புகழ்ந்து பேசினோம். அந்த இலேசான மனம் சரியானதா என்று எம்மை நாமே கேட்க ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் சென்றன.

முதலில் விதி என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கன்மத்தை நம்புகின்ற சைவர்கள் நாம். ஆனால் கை முறிந்தால் விதி என்று வீட்டில் இருப்பதில்லை. வைத்தியரிடம் ஓடுகிறோம். வைத்தியம் விதிக்கு விரோதம் இல்லையென்றால், இழந்த கூலியைக் கேட்பது மட்டும் எப்படி விரோதமாகும்? ஒருவர் தம் துன்பத்தைத் தாமாக ஏற்பது தவம். தவறு செய்தவரே "இது உன் விதி" என்று மற்றவரை ஏற்கச் செய்வது தவமல்ல, வசதி. நாம் வாயால் அப்படிச் சொல்லவில்லை. அவர் சொன்னபோது மறுக்காமல் இருந்தோம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நம் பிள்ளைகளுக்கு மனுநீதி சோழன் கதையைச் சொல்லிக் கொடுக்கிறோம். அதுவும் ஒரு வீதி விபத்தின் கதைதானே! திருவாரூரில் இளவரசனின் தேர்ச் சக்கரத்தில் கன்று அகப்பட்டு இறந்தது. தாய்ப்பசு வந்து ஆராய்ச்சி மணியை அடித்தது. மகனைத் தேர்க்காலில் இட்ட மன்னனின் நீதியை மட்டுமே நாம் வியக்கிறோம். பசுவை யோசிப்பதில்லை. மணியை அடித்த பசுவை எவரும் பேராசை பிடித்தது என்று சொல்லவில்லை. தவறியவன் தன் சொந்த மகன் என்பதற்காக மன்னன் மணியோசையைக் கேளாதவன் போல் இருக்கவும் இல்லை. இன்றைய சட்டம் எவருடைய மகனையும் தேர்க்காலில் கேட்பதில்லை. இழப்பைப் பணத்தால் ஈடுசெய் என்று மட்டுமே கேட்கிறது. அதற்கே நாம் மணியின் கயிற்றை ஒளித்து வைத்தோம்.

நாம் வந்து குடியேறிய இந்த நாட்டின் சட்டத்துக்கும் ஓர் அறவேர் உண்டு. 1928இல் ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் ஒரு பெண் குடித்த இஞ்சிப் பானப் போத்தலில் அழுகிய நத்தை இருந்ததாக வழக்கு எழுந்தது. பானத்தை வாங்கிக் கொடுத்தவர் அவருடைய தோழி. ஆகவே உற்பத்தியாளருக்கும் குடித்தவருக்கும் இடையே எந்த ஒப்பந்தமும் இருக்கவில்லை. 1932இல் பிரபுக்கள் சபை, மூன்றுக்கு இரண்டு என்ற நீதிபதிகளின் முடிவில், உற்பத்தியாளருக்குப் பொறுப்பு உண்டு என்றது. அயலானை நேசி என்ற சமய போதனையை நினைவூட்டிய அட்கின் பிரபு, நம் செயலால் பாதிக்கப்படக்கூடியவர் எவரோ அவரே சட்டத்தின் கண்ணில் அயலார் என்று விளக்கினார். எமது பின் ஆசனத்தில் இருந்த அக்காவை விடக் கிட்டிய அயலார் எமக்கு யார்?

"நம்மவர் மேல் வழக்கா" என்ற கூச்சத்தையும் சற்று ஆராய வேண்டும். 1930ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து இங்கே மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் வாகனம் ஓட்ட முடியாது. இன்று அது வாகனத்தில் வரும் பயணிகளையும் காக்கிறது. பணத்தைக் கொடுப்பது காப்புறுதி நிறுவனம். அந்த நாளுக்காகவே ஆண்டுதோறும் கட்டணம் கட்டுகிறோம். கட்டணம் சற்று ஏறுமே என்றால், ஏறட்டும். தவறு எமதாக இருக்க, அதன் செலவை அக்காவின் தையல் இயந்திரம் ஏன் சுமக்க வேண்டும்?

மன்னிப்புக் கேட்டால் சட்டத்தில் மாட்டிக்கொள்வோம் என்ற பயமும் நம்மவரிடம் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006ஆம் ஆண்டின் நட்டஈட்டுச் சட்டம், மன்னிப்புக் கேட்பதோ உதவி செய்வதோ தன்னளவில் குற்றத்தை ஏற்றதாகாது என்கிறது. பொறுப்பை ஏற்கும் பேச்சைக் காப்புறுதி நிறுவனத்திடம் விட்டுவிடலாம். நோயாளியைப் போய்ப் பார்ப்பதை எவரிடமும் விடலாகாது.

இனி மறுபக்கம். கேட்பது தர்மம் என்றால் எவ்வளவும் கேட்கலாமா? விபத்து நடந்தவுடன் "கழுத்தும் நோகுதெண்டு சொல்லுங்கோ", "மருமகனும் காரில இருந்தவர் எண்டு போடுங்கோ" என்று புத்தி சொல்பவர்கள் நம்மிடையே இல்லாமலில்லை. இது களவு. எல்லோரும் கட்டும் காப்புறுதிப் பணத்திலிருந்து எடுக்கும் களவு. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கோரிக்கையில் அடிப்படையான பொய் இருப்பதாக நீதிமன்றம் கண்டால், உண்மையான காயத்துக்குரிய பகுதியையும் சேர்த்தே தள்ளுபடி செய்யும். மிகப் பெரிய அநீதி ஏற்படுமிடத்தில் மட்டுமே விலக்கு உண்டு. அதே விபத்தில் இன்னொருவருடைய பொய்க்குத் துணைபோனாலும் இதே கதி. பாலில் விழுந்த துளி விஷத்தைப் பிரித்தெடுக்க முடியாது என்பது நம் பாட்டிமாருக்கும் தெரியும்.

ஆகவே தராசின் இரு தட்டுகளையும் பார்க்க வேண்டும். உள்ளதைக் கேட்பதில் வெட்கமில்லை. இல்லாததைக் கேட்பதில் தர்மமில்லை.

கேட்க வேண்டிய நிலை வந்தால் அறிய வேண்டிய சிலவற்றையும் சொல்லிவிடுகிறோம். இவை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை. பொதுவாக, விபத்து நடந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்கைத் தொடங்க வேண்டும். பிள்ளைகளுக்கு 21 வயது வரை காலம் உண்டு. ஆசனப் பட்டி அணியாதவருக்கு நட்டஈடு குறையலாம். அணிந்திருந்தால் காயமே ஏற்பட்டிராது என்றால் 25 வீதம் குறைப்பது நீதிமன்றங்களின் வழமை. 2021 மே 31 முதல் வாகன விபத்தில் ஏற்படும் சிறு கழுத்து, முதுகு நோக்களுக்குச் சட்டமே தொகையை நிர்ணயித்துள்ளது. சட்டத்தரணி இல்லாமல் கேட்கவும் வழி உண்டு. வைத்தியச் சான்று பெறாமல் அத்தகைய நோவுக்குப் பணம் பேசி முடிக்கக் காப்புறுதி நிறுவனத்துக்கு அனுமதியில்லை.

எலும்பு முறிவு போன்ற பாரிய காயத்துக்குத் தகுந்த சட்டத்தரணியை நாடுவது நல்லது. தாமாகத் தொலைபேசியில் அழைத்து வருபவரை நம்ப வேண்டாம். அனுமதியில்லாத அத்தகைய அழைப்புகள் 2018 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. காயப்பட்டவரைப் பிடித்துக் கொடுப்பதற்குச் சட்டத்தரணியிடம் தரகு வாங்குவதும் 2013 முதல் தடை. "வென்றால் மட்டும் கட்டணம்" என்பவரிடம், வென்றால் எவ்வளவு கழிப்பீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வெற்றிக் கட்டணம் காயத்துக்கும் கடந்தகால இழப்புக்கும் கிடைக்கும் தொகையின் 25 வீதத்தைத் தாண்டக்கூடாது. வருங்கால இழப்புக்கான பணத்தில் அதை எடுக்க முடியாது. வீட்டுக் காப்புறுதியில் சட்டச் செலவுக்கு இடமிருக்கிறதா என்றும் பாருங்கள்.

2024 வசந்த காலத்தில் அக்காவின் வீட்டுக்குப் போனோம். "அக்கா, நீங்கள் கேட்கவேணும். தவறு எங்கட. நாங்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுவம்" என்றோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்கள் சொல்லுவியள் எண்டு எவ்வளவு நாள் பாத்துக்கொண்டு இருந்தனான்" என்றார்.

அந்த வார்த்தை இன்றும் எமக்குச் சுடுகிறது. அவருடைய மௌனத்தைப் பெருந்தன்மை என்று நாம் நினைத்திருந்தோம். அவர் எமது சொல்லுக்காகக் காத்திருந்திருக்கிறார். அடுத்த ஆண்டு கோரிக்கை நீதிமன்றம் போகாமலே முடிந்தது. எமது கட்டணம் ஏறியது, கட்டினோம். அக்காவின் விரல்கள் முழுதாகத் திருந்தவில்லை. பணம் அதைத் திருத்தாது. ஆனால் இன்றும் பின் ஆசனத்தில் ஏறி எம்முடன் தேருக்கு வருகிறார்.

ஆகவே அடியார்களே, காயப்பட்டவர் கேட்கட்டும் என்று காத்திராதீர்கள். தவறு உங்களுடையதானால், கேளுங்கள் என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள். எல்லோருடைய பயணங்களுக்கும் எம்பெருமான் துணை நிற்பாராக.